பொறி வராத வண்டி

ஜூன் 4

அண்ணாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிடு. சமாதானம் பேச எழுதவில்லை. அப்பாவின் வேன் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மாமா உனக்குச் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் இப்போது தெரிந்துகொள். செவ்வாயும் வெள்ளியும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். தாமதமானால் காத்திருக்கிற அடுத்த ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களும் உயிருக்குத்தான் வந்து நிற்கிறார்கள், குறை சொல்ல முடியாது. அந்த நேரத்துக்கு மலையேற வாடகை வண்டி எதுவும் வருவதில்லை. பஸ்ஸில் அம்மாவால் உட்கார முடியாது. ஆக எங்களுக்கு இருப்பது இந்த வேன் ஒன்றுதான்.

அப்பா இதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தது சும்மா இல்லை. கிளம்பும் நேரம் பார்த்துத்தான் முறுக்கிக்கொள்கிறது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் நன்றாகச் சுழலுகிறது, ஆனால் பற்றமாட்டேன் என்கிறது. பெட்ரோல் இருக்கிறது. பேட்டரி புதிது. மதியம் போய்த் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. இங்கே உள்ள மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கும்பிடு போடுகிறார்கள். ஒருத்தன் "அக்கா, இதை எடைக்குப் போட்டுடுங்க" என்றான்.

போன வெள்ளியும் இந்தச் செவ்வாயும் அம்மா மெஷினுக்குப் போகவில்லை. கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறாள். இந்த வண்டியை உன்னைவிட அறிந்தவர் யாரும் உயிரோடு இல்லை. என்ன செய்வது என்று எழுது.

தங்கை


ஜூன் 10

பொடிசு,

வண்டியைப் பற்றி மட்டும் எழுது. பதில் எழுதுகிறேன். மற்றதெல்லாம் வேண்டாம். "இந்த வாசப்படியைத் தாண்டினால் எனக்கு மகனே இல்லை" என்று சொன்னது அம்மா, நானில்லை.

நான் வேலை பார்க்கிற இந்தத் தீவில் போன் மேனேஜர் அறையில் இருக்கிறது, அதுவும் பாதி நாள் ஊமை. தபால் படகை நம்பித்தான் இருக்கிறோம். அதனால் நான் சொல்வதை ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகப் பார்த்து எழுது. ஒரு நேரத்தில் ஒரு காரியம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

இன்ஜின் சுழன்றும் பற்றவில்லை என்றால் ஒன்று பெட்ரோல் வரவில்லை, இல்லை பொறி வரவில்லை. முதலில் பொறியைப் பார். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மறுபடி மாட்டி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பைத் தொடுகிற மாதிரி வை. வயரை வெறும் கையால் பிடிக்காதே, உதைக்கிற உதையில் பானட்டில் மண்டை இடிக்கும். யாரையாவது சாவியைத் திருப்பச் சொல். பிளக் முனையில் நீலமாகப் பொறி தெறித்தால் நல்லது. மஞ்சளாக, சோனியாக வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பாயின்ட் அழுக்கு. ஒன்றுமே வராவிட்டால் வேறு வேலை இருக்கிறது.

பிளக் வயரெல்லாம் போய்ச் சேருகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடை. விடியற்காலையில் ஈரம் கோத்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற பாயின்டை மெல்லிய எமரித் தாளால் இரண்டு இழுப்பு இழு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கை உனக்கு, சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணன்


ஜூன் 16

அண்ணாவுக்கு,

சொன்னபடியே செய்தேன். பக்கத்துப் பேக்கரிக்காரர் சாவியைத் திருப்பினார். பொறி நல்ல நீலம், சடசடவென்று வந்தது. அவர் உற்சாகத்தில் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தார். போதும் போதும் என்று நான் கத்திய பிறகுதான் விட்டார். மூடியைத் துடைத்தேன். பாயின்டைத் தேய்த்தேன். பிளக்கைத் திரும்பப் போட்டதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. தெருவைச் சுற்றி வந்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிய அவளைத் தாங்கிக் கூட்டிவந்து உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. வண்டிக்குள் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அம்மா என் முதுகைத் தடவி, "விடுடி, அதுக்கும் வயசாச்சு" என்றாள்.

செவ்வாய் எப்படியோ பற்றியது. போனோம். இரண்டு தடவைக்கான தண்ணீரை ஒரே தடவையில் எடுத்ததால் அம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கத்திவிட்டாள். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி விட்டுவிட்டு வந்தால் இதயம் தாங்காது என்றார். வண்டியைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன், படித்துவிட்டாய், இனி என்ன செய்ய முடியும்?

தங்கை


ஜூன் 21

பொடிசு,

வீட்டில் நிற்கும்போது வருகிற பொறி கிளம்பும்போது வரவில்லை. அப்படியானால் வண்டி பற்றாத அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். பிறகு பார்ப்பது வீண்.

டெஸ்ட் லேம்ப் ஒன்று வாங்கு. சின்ன பல்பும் இரண்டு வயரும்தான். பற்றாத அன்று பானட்டைத் திற. காயில் தெரியும் அல்லவா, பொறிக்கு மின்சாரம் அனுப்புகிறது, குண்டாக உருளையாக இருப்பது. சாவியைப் போட்டு வைத்துக்கொண்டு, சாவியிலிருந்து வரும் வயர் சேரும் முனையில் லேம்பின் ஒரு வயரை வை, இன்னொன்றை இரும்பில் வை. எரிந்தால் காயிலுக்கு மின்சாரம் வருகிறது. எரியாவிட்டால் வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது.

எரியாவிட்டால் அன்றைக்கு மட்டும் பேட்டரியிலிருந்து அந்த முனைக்கு நேராக ஒரு வயர் இழு. ஸ்டார்ட் ஆகும். இன்ஜினை நிறுத்தச் சாவி பயன்படாது, வயரைப் பிடுங்க வேண்டும். அதை அப்படியே விட்டுவைத்தால் காயில் வெந்துபோகும், தீயும் பிடிக்கும். ஒரு தடவைக்குமேல் செய்யாதே.

கெண்டைக்கால் இழுத்தால் பெருவிரலை மேலே மடக்கிப் பிடிக்கச் சொல்.

அண்ணன்


ஜூன் 29

அண்ணாவுக்கு,

செவ்வாய்க்கிழமை பற்றவில்லை. இறங்கி ஓடிப்போய் லேம்பை வைத்தேன். எரியவில்லை. நீ சொன்னபடி வயர் இழுத்தேன். மாப்பிள்ளை ஒரு உறுமல் உறுமிக் கிளம்பியது பார், என் உயிர் திரும்பி வந்தது. ஓடிவந்து ஏறினால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். நானும் அழுதேன். சந்தோஷத்தில் இரண்டு பேரும் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மலையேறினேன்.

மறுநாள் வயரிங் கடைக்காரரிடம் காட்டினேன். லேம்ப் பளிச்சென்று எரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாவி சுவிட்சையே புதிதாக மாற்றிக் கொடுத்தார். புதுச் சுவிட்ச். புதுச் சாவி. வெள்ளிக்கிழமை பழைய கதைதான். பதற்றத்தில் வயரையும் இழுக்க முடியவில்லை. முனை எது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஏழு மணியும் ஆகிவிட்டது.

இன்னொரு தடவை தவறினால் நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வரிசையில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மாதக்கணக்காகக் காத்திருக்கிறார். அவர் மனைவி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு என்ன ஆசை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் இருந்தால் எனக்கும் அதுதான் இருக்கும்.

எனக்கு இனி தெம்பு இல்லை அண்ணா. நீ ஒரு வண்டியைச் சரிசெய்யக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாய். இங்கே அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

தங்கை


ஜூலை 4

பொடிசு,

உன் எல்லாக் கடிதத்தையும் வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். வண்டியைப் பற்றி மட்டும் எழுது என்று சொன்ன முட்டாள் நான்தான். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்போது கேட்கிறேன்.

நீ தனியாகக் கடைக்கு எடுத்துக்கொண்டு போன அன்று எப்போதாவது பற்றாமல் இருந்திருக்கிறதா? பேக்கரிக்காரர் திருப்பியபோது பற்றியது. வயரிங் கடையில் பற்றியது. பற்றாத அத்தனை நாளும் வண்டிக்குள் யார் இருந்தது? அம்மா எங்கே உட்காருகிறாள்? முன்னால், உன் பக்கத்தில்தானே?

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பாவுக்குத் தெரியாமல் இந்த வேனை எடுத்துக்கொண்டு சுற்றுவேன். என்னை மடக்க அவர் ஒரு திருட்டு சுவிட்ச் வைத்தார். சாவியிலிருந்து காயிலுக்குப் போகிற வயரை நடுவில் வெட்டி, பக்கத்து சீட்டுக்கு முன்னால் டேஷ்போர்டுக்கு அடியில், உள்ளே கையை விட்டால் மட்டும் தட்டுப்படுகிற இடத்தில். அதை அணைத்துவிட்டால் இன்ஜின் சுழலும், பொறி வராது. அது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தார்கள். நான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். என் மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டு இங்கே வந்த பிறகு அதை மறந்தே போனேன்.

சுவிட்ச் பழசாகித் தானாக விட்டுவிட்டுப் பிடிக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கையை விட்டுப் பார்.

அண்ணன்


ஜூலை 11

அண்ணாவுக்கு,

சுவிட்ச் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுற்றிலும் விரல் கனத்துக்குத் தூசி. சுவிட்சின் தலை மட்டும் பளபளவென்று துடைத்த மாதிரி இருந்தது. நானே பத்து தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதில் ஒரு கோளாறும் கிடையாது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். பற்றவில்லை. அவள் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, உள்ளே விட்டு, சுவிட்சைத் தள்ளிவிட்டு மறுபடி திருப்பினேன். பற்றியது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி மலை ஏறியதும் என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப கண்டுபிடிச்சே?" என்று கேட்டாள்.

"அண்ணன் எழுதினான்."

"அவனா? அங்க இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சுட்டானா? கெட்டிக்காரன்தான்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள் அண்ணா, சத்தியமாக.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"போதும்டி. அந்த ஊசி, அந்த நாற்காலி, வீட்டுக்கு வந்து ஒரு நாள் பூரா செத்த மாதிரி கெடக்குறது. எனக்குப் போதும். உன்கிட்ட சொன்னா நீ அழுவே, கெஞ்சுவே, நானும் சரின்னு ஏறி உட்காருவேன். வண்டி கெட்டுப்போச்சுன்னா யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம் பாரு. அம்மாவை விட்டுட்டோமேன்னு நீயும் நினைக்க மாட்டே."

"அண்ணனைப் பார்க்க வேண்டாமா உனக்கு?"

முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்புறம், "அவன் முன்னே போட்ட கடுதாசி எல்லாம் எடுத்துப் படிச்சேன். வண்டியைப் பத்திதானே கேக்குறான்" என்றாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தாளைக் கசக்கிப் போட்டேன். எழுதிவிட்டேன்.

தங்கை


ஜூலை 16

பொடிசு,

அந்தச் சுவிட்சைப் பிடுங்கி எறி. சுவிட்சுக்கு வருகிற இரண்டு வயரையும் வெட்டி, முனையைச் சீவி, ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்று. பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அவள் எதை அணைத்தாலும் வண்டி நிற்காது.

வரமாட்டேன் என்றால் தூக்கி உட்கார வை. அழுதால் அழட்டும். என்னைத் திட்டினால் திட்டட்டும். நான் வரும்வரை ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. லீவு கேட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருக்கிறது, மேனேஜர் கையெழுத்துப் போட இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்கிறான். காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்டியைப் பற்றிக் கேட்டேன் என்றால் எனக்கு வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கால் வீக்கம் வற்றியதா என்று எழுதி எழுதி அடித்தேன். அவளிடம் சொல். சொல்லாதே, நானே வந்து சொல்கிறேன். அவளை உயிரோடு வைத்திரு.

அண்ணன்


ஜூலை 22

அண்ணாவுக்கு,

வயரை வெட்டிச் சேர்த்தேன். சுவிட்சை மட்டும் அதே இடத்தில் விட்டுவைத்தேன். ஏன் என்று கேட்காதே. பிடுங்கினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாவியைத் திருப்புவதற்கு முன்னால் அவள் கை உள்ளே போவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். டிக் என்று சத்தம் கேட்டது. நான் திருப்பினேன். பற்றிக்கொண்டது. அவள் கை மறுபடி உள்ளே போனது. டிக், டிக், டிக். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எந்த லென்ஸைப் போட்டாலும் தெரியவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தாள். "வேண்டாம்டி கண்ணு" என்றாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் என்னிடம் கெஞ்சினாள்.

நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டேன்.

உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலி வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். நீ அவளைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னாய். நீ இங்கே இருந்தால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னாலும் முடியாது. என்னைத் திட்டு, சபி, என்ன வேண்டுமானாலும் செய், ஆனால் சீக்கிரம் வா. டாக்டர் நாள் சொல்ல மறுக்கிறார்.

தங்கை


ஜூலை 26

பொடிசு,

கையெழுத்து வாங்கிவிட்டேன். நாளைப் படகில் ஏறுகிறேன். துறைமுகத்தில் பெரிய கப்பலுக்கு ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். லாட்ஜ் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே எழுது.

உன்னைத் திட்டமாட்டேன். நீ அணைத்தது சரி. நானாக இருந்தாலும் அணைத்திருப்பேன் என்று எழுத ஆசைதான், ஆனால் தெரியவில்லை. இனி உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

அம்மா, நான் வருகிறேன். மெஷினுக்குப் போக வேண்டாம். உனக்கு முடியாததை எனக்காகச் செய்ய வேண்டாம். நீ சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் வீம்பாக இருந்தேன். உனக்குப் பிறந்த பிள்ளை, வேறு எப்படி இருப்பேன்? கால் வீக்கம் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வருகிறேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடியும் படித்தேன். பிறகு போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"வண்டியை எடுடி" என்றாள்.

"எதுக்கும்மா?"

"மெஷினுக்குத்தான். அவன் வர்ற வரைக்கும் இருக்கணும்ல. எடு, எடு, மசமசன்னு நிக்காதே."

நீ போக வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். "அவன் கெடக்கான்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வந்து ஏறினாள். ஒரே திருப்பில் பற்றியது. மலையில் ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை.

நாற்காலியில் அந்த வாத்தியார் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் நேரத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு எழுந்தார். அவர் மனைவிதான் அம்மாவைத் தாங்கி உட்கார வைத்தாள். யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை அண்ணா. மெஷினைப் போட்டதும் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நிறுத்தி, காத்திருந்து, மறுபடி போட்டார்கள். மறுபடி இறங்கியது. உடம்பு தாங்கும் கட்டம் போய்விட்டது, இன்னும் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். "அவன் எங்க வந்துட்டிருக்கான்?" என்று கேட்டாள். துறைமுகத்தில் இருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். கப்பல் ஏறிட்டான்மா என்றேன். மறுபடி கேட்டாள். கரை இறங்கிட்டான், ரயில்ல வந்துட்டிருக்கான் என்றேன். கேட்கக் கேட்க உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்குவது அதிகமாகிக்கொண்டே போனது. கடைசியில் அவள் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "நம்ம தெருமுனைக்கு வந்துட்டான்மா" என்றேன். முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொள்ள வலது கையைத் தூக்கினாள். கை கன்னம்வரைதான் வந்தது.

எல்லாம் முடித்துவிட்டோம். உனக்காக வைத்திருக்க வழியில்லை.

முந்திய கப்பலில் இடம் பிடிக்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மெதுவாகவே வா அண்ணா.

தங்கை